வீட்டுக்கு ஒரு கமரா: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பழைய அல்பம் இருக்கும். அதை எடுத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு பில்ம் சுருளில் 36 படங்கள்தான். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் காசு செலவாகிறதே என்ற எண்ணம் இருந்தது. ஆகவே யோசித்து எடுத்தோம். ஸ்டூடியோவில் கழுவி வரும் வரை காத்திருந்தோம். வந்த படங்களை வரிசையாக ஒட்டி வைத்தோம். நாற்பது வருடமானாலும் அவை அங்கேயே இருக்கின்றன.

இன்றோ நமது கையடக்கத் தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள். ஆனால் மூன்று பெருநாளுக்கு முன் பிள்ளைகளோடு எடுத்த படத்தைக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டால், தேடித் தேடிக் கை ஓய்ந்துபோகிறது. தொலைபேசி பழுதடைந்தாலோ தொலைந்தாலோ அத்தனையும் போய்விடுகிறது. இதனால்தான் "வீட்டுக்கென்று ஒரு சிறிய கமரா வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் பல குடும்பங்களில் மீண்டும் எழுந்திருக்கிறது. அப்படி எண்ணும் சகோதரிகளுக்காகவே இக்கட்டுரை.

முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2008ஆம் ஆண்டு. என் தங்கச்சியின் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு, வெளிநாட்டில் வேலை செய்த நானா வந்திறங்கினார். அவர் கையில் ஒரு புத்தம் புதிய டிஜிட்டல் கமரா. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தோம். பெட்டிக்குள் மெமரி கார்ட் இருக்கவில்லை. ஆனாலும் கமராவுக்குள்ளேயே சிறிதளவு நினைவகம் இருந்ததால் படம் விழுந்தது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டோம். சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பெண்கள் பகுதியில் படம் எடுக்கும் பொறுப்பு ராத்தாவின் மகளிடம் போனது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பத்துப் படம் எடுப்பதற்குள் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் காட்டியது. இடம் நிறைந்துவிட்டது என்று புரிந்துகொண்ட அவள், பழையதை அழித்து அழித்துப் புதியதை எடுத்தாள். அப்படி அழிந்தவற்றில் ஒன்று, எங்கள் உம்மம்மா மணப்பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அவளது முக்காட்டைச் சரிசெய்யும் படம். நான்கு மாதத்தில் உம்மம்மா வஃபாத்தானார்கள். அந்தக் கல்யாணத்தில் அவர்கள் இருந்ததற்கு எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

பிள்ளை மீது பிழையில்லை. கமரா மீதும் பிழையில்லை. முதல்நாள் இரவில் பத்து நிமிடம் செலவழித்துச் சோதித்திருந்தால், காலையில் கடை திறந்ததும் ஒரு கார்ட் வாங்கியிருப்போம். புதிய கமராவை வாங்குவது பாதி வேலைதான். அதை நம் வீட்டு வெளிச்சத்தில், நம் வீட்டு முகங்களில் சோதித்துப் பார்ப்பதே மீதிப் பாதி.

தொலைபேசி இருக்கக் கமரா எதற்கு?

இது நியாயமான கேள்வி. 1975இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியியலாளர் செய்த முதலாவது டிஜிட்டல் கமரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கசற் நாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது. 1995இல் கசியோ நிறுவனத்தின் கமரா, எடுத்த படத்தை உடனே பார்க்கும் திரையோடு சாதாரண மக்களிடம் வந்தது. 2010இல் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் ஒரே ஆண்டில் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கமராக்களைச் சந்தைக்கு அனுப்பினார்கள். பிறகு தொலைபேசி வந்து அந்தச் சந்தையைக் கவிழ்த்துவிட்டது. 2023இல் அந்தத் தொகை 80 இலட்சத்தையும் எட்டவில்லை. ஆயினும் அண்மைக் காலத்தில் சிறிய கமராக்களை மீண்டும் பலர் தேடுகிறார்கள். கெனன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஒரு சிறிய கமராவை, மெமரி கார்டின் வகையை மாற்றி 2025இல் மறுபடியும் விற்பனைக்கு விட்டதே இதற்குச் சாட்சி.

உண்மையைச் சொல்வதானால், உங்களிடம் நல்ல தொலைபேசி இருக்குமானால், மங்கலான வெளிச்சத்தில் அது மலிவான கமராவைவிட நன்றாகவே படம் எடுக்கும். "கமரா வாங்கினால் படமெல்லாம் பளிச்சென்று வரும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கமராவின் பயன்கள் வேறு. தூரத்தில் உள்ளதை லென்ஸ் கொண்டே கிட்டக் கொண்டுவரலாம். பிளாஷ் வெளிச்சம் தொலைபேசியின் சிறு விளக்கைவிட வலுவானது. பிள்ளைகள் கையில் கொடுத்தாலும் உங்கள் தொலைபேசியிலுள்ள கடிதங்களும் இலக்கங்களும் அவர்கள் கைக்குப் போவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெண்கள் கல்யாண வீட்டில் தங்களுக்குள் இருக்கும்போது எடுக்கும் படங்கள், எடுத்த கணமே இணையத்தில் எங்கோ ஏறிவிடுவதில்லை. விரல் நகமளவு கார்டில், உங்கள் கையிலேயே இருக்கின்றன. சில புதிய கமராக்களில் வைஃபை வசதி உண்டு. தேவையில்லாதபோது அதை நிறுத்தி வையுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

புறக்கோட்டையில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கைத்தான். அதில் மயங்காதீர்கள். அல்பத்தில் ஒட்டும் 6க்கு 4 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட 2 மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூட இருந்தால் போதும். ஏ4 தாள் அளவுக்கு ஏறக்குறைய 9 போதும். இன்று விற்கும் கமராக்களில் பெரும்பாலானவை இதைத் தாண்டியவைதான். பெயர் தெரியாத சில மலிவுக் கமராக்கள் 48, 64 என்று பெட்டியில் போட்டிருக்கும். அது சிறிய படத்தை ஊதிப் பெருப்பித்த கணக்காக இருக்கலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது சென்சரின் அளவு. ஒளியை வாங்கும் தகடுதான் சென்சர். முற்றத்தில் மழைக்கு ஒரு சிறிய கோப்பையையும் ஓர் அகன்ற தாச்சியையும் வைத்தால் எதில் அதிகம் தண்ணீர் சேரும்? சாதாரணச் சிறு கமராக்களில் இத்தகடு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் அகலமும் நான்கரை மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. "ஒரு அங்குல சென்சர்" என்று சொல்லப்படும் வகையில் அது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர். பரப்பளவில் நான்கு மடங்கு. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையும், கெனன் ஜி7எக்ஸ் வரிசையும் இந்த வகை. விலையும் அதற்கேற்பக் கூடியது. இரவில், வீட்டுக்குள் அதிகம் படம் எடுப்பவர்களுக்கு இதன் பயன் தெரியும். பகலில் முற்றத்திலும் பயணத்திலும் எடுப்பவர்களுக்குச் சிறிய சென்சரே போதும்.

அடுத்தது சூம். "ஒப்டிகல்" சூம் எத்தனை மடங்கு என்று மட்டும் கேளுங்கள். "டிஜிட்டல்" சூம் என்பது படத்தின் நடுவை வெட்டிப் பெருப்பிப்பதுதான். அதை வீட்டில் நீங்களே செய்யலாம்.

பிறகு இவற்றையும் கேளுங்கள். எந்த வகைக் கார்ட்? பெட்டிக்குள் இருக்கிறதா, தனியே வாங்க வேண்டுமா? பற்றறியைக் கழற்றிச் சார்ஜ் செய்வதா, வயர் கொண்டு செய்வதா? தொலைபேசியின் வயரே பொருந்துமா? அதே பற்றறி இங்கே தனியாகக் கிடைக்குமா? சிறு கமராக்கள் சிலவற்றில் ஒருமுறை சார்ஜ் செய்தால் 200 படத்துக்கும் குறைவாகவே எடுக்கலாம். கல்யாண வீட்டுக்கு அது போதாது; இரண்டாவது பற்றறி வேண்டும். உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா, பழுதென்றால் எத்தனை நாளைக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

முதல் ஏழு நாட்கள்

கமரா வீட்டுக்கு வந்ததும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். சென்ற வருடம் நான் ஒரு சிறிய கமரா வாங்கியபோது செய்த முறையை இங்கே தருகிறேன்.

முதல் வேலை, பற்றறியை முழுமையாகச் சார்ஜ் செய்து, திகதியையும் நேரத்தையும் சரியாக வைப்பது. இதை அலட்சியம் செய்வோர் பலர். ஒவ்வொரு படத்துக்குள்ளும் கமரா திகதியை எழுதி வைக்கிறது. அது பிழையானால் பின்னால் படங்களின் வரிசையே குழம்பிவிடும். பிறகு கார்டைப் போட்டு, கமராவிலேயே ஒருமுறை "போர்மட்" செய்யுங்கள். போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு. 64 ஜிபி என்று எழுதியிருக்கும். உள்ளே அதில் சிறு பங்குதான் இருக்கும். கணினியிலிருந்து பழைய கோப்புகளால் அதை ஒருமுறை முழுவதும் நிரப்பி, கடைசிக் கோப்புகளும் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, ஜன்னல் சோதனை. காலை வேளையில் உம்மாவை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து ஒரு படம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து இன்னொரு படம். இரண்டாவதில் முகம் இருண்டுபோகும். பிளாஷை வலிந்து எரியச் செய்து மூன்றாவது எடுங்கள், முகம் தெளியும். பகலிலும் பிளாஷ் வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் புரியும்.

மூன்றாவது, இரவுச் சோதனை. மண்டபத்தில் ரியூப் லைட் மட்டும் எரியட்டும். பிளாஷ் இல்லாமல் எடுத்தால் அசைந்த கையெல்லாம் புகை போல் வரும். பிளாஷ் போட்டு ஒன்றரை மீற்றரில் ஒன்று, மூன்று மீற்றரில் ஒன்று, ஆறு மீற்றரில் ஒன்று எடுங்கள். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிறது. ஆகவே ஆறு மீற்றர்ப் படம் இருண்டிருக்கும். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மணமேடையைப் பிளாஷ் போட்டு எடுப்பது ஏன் வீண் வேலை என்று இப்போது தெரிகிறதல்லவா? கிட்டப் போங்கள்.

நான்காவது, பிள்ளைகளை ஓட விடுங்கள். பொத்தானை முழுவதும் அமுக்கினால் கமரா தெளிவு பார்த்து முடிக்குமுன் பிள்ளை போய்விடும். பாதி அமுக்கிப் பிடித்து, பிள்ளை வந்ததும் மீதியை அமுக்குங்கள். இப்பழக்கம் கைவர எனக்கு இரண்டு பின்நேரம் பிடித்தது.

ஐந்தாவது, வெள்ளைச் சுவரை ஒரு படம். எங்காவது கரும்புள்ளி தெரிந்தால் சென்சரிலோ லென்சிலோ குறை. மாற்றும் காலத்துக்குள் கடைக்குக் கொண்டுபோங்கள். மின்விசிறி சுழலும் அறையில் சிறிது வீடியோவும் எடுத்துக் கேட்டுப் பாருங்கள். பேச்சைவிட விசிறிச் சத்தம்தான் கேட்குமானால், கிராஅத் ஓதும் பிள்ளையைப் பதியும்போது விசிறியை நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வீர்கள்.

கறுப்பு அபாயாவும் வெள்ளை உடையும்

கமரா விற்பவர்கள் நமக்குச் சொல்லித் தராத ஒன்று உண்டு. கமராவுக்கு ஆடையின் நிறம் தெரியாது. எதிரில் உள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்தில் இருப்பதாகவே அது கணக்குப் போடுகிறது. பத்துப் பெண்கள் கறுப்பு அபாயாவில் நிற்கும்போது, "இருட்டாக இருக்கிறதே" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகங்களெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல் வெளிறிவிடும். வெள்ளைத் தொழுகை உடையில் இருக்கும் உம்மாவை எடுக்கும்போது இதற்கு நேர்மாறு. வெள்ளை அழுக்குச் சாம்பலாகும்; முகம் கறுக்கும்.

இதற்கு மருந்து, கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட ஒரு பொத்தான். கறுப்பு உடைக்கு ஒரு படி கழித்தல். வெள்ளை உடைக்கு ஒரு படி கூட்டல். முழுத் தானியங்கி நிலையில் பல கமராக்களில் இப்பொத்தான் வேலை செய்யாது. ஆங்கில "பி" எழுத்துள்ள நிலைக்கு மாற்றினால் வேலை செய்யும். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டாலே நம் குடும்பப் படங்களில் பாதிக் குறை தீரும்.

அழித்த படம் அழிந்துவிட்டதா?

கார்டில் ஒரு படத்தை அழிக்கும்போது உண்மையில் நடப்பது என்ன? ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து ஒரு வரியை வெட்டுவது போன்றதே அது. பக்கம் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. "இந்த இடம் இனி வேறு படத்துக்கு" என்று கமரா குறித்துக்கொள்கிறது. புதிய படம் அந்த இடத்தில் வந்து அமரும் வரை பழையதைக் கணினி மென்பொருள் கொண்டு மீட்கலாம். போர்மட் செய்த கார்டிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

இதில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் உண்டு.

நன்மை இது. வேண்டிய படம் தவறி அழிந்துவிட்டால், அந்தக் கணமே படம் எடுப்பதை நிறுத்துங்கள். கார்டைக் கழற்றி வையுங்கள். நம்பகமான, விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு மீட்கலாம். எங்கள் உம்மம்மாவின் படத்தையும் அன்றே மீட்டிருக்க வாய்ப்பு இருந்தது. நாங்களோ அதன் மேல் மேலும் மேலும் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆபத்து இது. நீங்கள் அழித்துவிட்டதாக நினைக்கும் படத்தை, கார்ட் கைக்குப் போகும் இன்னொருவரும் மீட்கலாம். வீட்டுப் பெண்கள் முக்காடில்லாமல் இருக்கும் படங்கள் அதில் இருந்திருக்கலாம். ஆகவே கமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கமராவின் உள் நினைவகத்திலும் படம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டூடியோவில் அச்சிடும்போது கார்டைக் கொடுக்காதீர்கள். வேண்டிய படங்களை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். கமராவை விற்றாலும் கார்டை விற்காதீர்கள். அதன் விலை சொற்பம், உடைத்துப் போடலாம். இன்னொருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், போர்மட் செய்து, வெறும் சுவரை வீடியோ எடுத்து அதை முழுவதும் நிரப்பி, மீண்டும் போர்மட் செய்து கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெண்கள் பகுதியில் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கமரா நம்முடையதாக இருக்கலாம். அந்த முகம் அவருடையது.

கடற்காற்றும் ஈரப்பதமும்

நம்மில் பலர் கடலோர ஊர்களில் வாழ்கிறோம். சிறு கமராக்களின் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே மடங்கும். ஒரு மணல் துகள் அதன் இடுக்கில் புகுந்தாலே இறுகிவிடும். கடற்கரையில் பையை விட்டு எடுத்தால் உடனே எடுத்து முடித்து, துடைத்து வையுங்கள். ஈரமான காற்றில் அடைபட்டுக் கிடந்தால் லென்சுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்ரிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துங்கள். குளிரூட்டிய காரிலிருந்து வெயிலுக்கு இறங்கியதும் லென்சில் நீர் படியும். சற்று நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

படங்களை கார்டிலேயே வருடக்கணக்கில் விட்டுவைப்பதும் ஆபத்து. மாதம் ஒருமுறை கணினிக்கு மாற்றி, இன்னொரு பிரதியை வேறொரு டிஸ்கில் போட்டு, அதை வேறொரு வீட்டில், உம்மா வீட்டிலோ ராத்தா வீட்டிலோ வையுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் வந்தாலும் மற்ற வீட்டில் இருக்கும். பிறகு அவற்றில் மிக நல்ல பத்தைத் தெரிந்தெடுத்து அச்சிடுங்கள்.

நான் அந்த முதல் வாரத்தில் எடுத்தவை 240 படங்கள். அச்சிட்டது பத்து. அதில் ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை உடையில் உம்மா. ஒரு படி கூட்டல் வைத்து எடுத்தது. வெள்ளை வெள்ளையாகவே வந்திருந்தது. உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள்.

"இதுல இன்னும் ரெண்டு போடுங்க மகள். ராத்தாவுக்கு ஒண்டு, தங்கச்சிக்கு ஒண்டு" என்றார்கள்.

தங்கச்சிக்குரியதை அவளது கல்யாண அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டிலும் அடுத்த விசேஷத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும். அதுவரை காத்திராமல், கமராவை இன்றே வெளியே எடுங்கள். கார்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.